தரகர் சகோதரனாயிருக்கும்போது

மும்பைக்கு வந்து சேருகிற தமிழ்க் குடும்பம், சபையையும் பிள்ளைகளின் பள்ளியையும் தேடுவதற்கு முன்பாகவே ஒரு வீட்டுத் தரகரைத் தேடிச் செல்கிறது. தாராவியிலும் கோலிவாடாவிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இப்பொழுது கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர், நாலாசோப்பாரா என்று இரயில் பாதை நீளுகிற திசையெல்லாம் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறபடியால், ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடக்கூடிய மனிதரல்லர் தரகர். அவரிடம் மீண்டும் மீண்டும் போகவேண்டியிருக்கிறது.

தரகர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று எழுத நான் துணியேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு விதவைச் சகோதரிக்காக ஒரே நாளில் பதினொரு வீடுகளின் படியேறி இறங்கி, கூலியில் பாதியை மட்டும் பெற்றுக்கொண்ட ஒருவரை நான் அறிவேன். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவரும் அல்லர். நான் எழுதப்போவது வேறொருவரைக் குறித்து. அவர் நமக்கு அருகிலிருக்கிற ஒரு சபையில் பாட்டுக்குழுவில் நின்றவர்.

2019-ஆம் ஆண்டு கல்யாண் கிழக்கில் ஒரு வீட்டை அவர் எங்களுக்குக் காண்பித்தார். மாத வாடகை 8,000 ரூபாய், டெபாசிட் 50,000. "டோக்கனாக 10,000 கொடுத்துவிடுங்கள் பிரதர், வீட்டுக்காரர் ரத்தினகிரியிலிருந்து முதல் தேதி வருகிறார்" என்றார். ரசீது கேட்க என் மனைவி வாயெடுத்தாள். நான் கண்ணால் தடுத்தேன். கர்த்தருடைய பந்தியில் ஒன்றாகப் பங்கெடுக்கிறவரிடம் ரசீது கேட்பது அவிசுவாசம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றிற்று. குடியிருந்த வீட்டைக் காலிசெய்வதாகவும் அறிவித்துவிட்டோம். முப்பதாம் தேதி மாலையில் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோது, கூடுதல் வாடகை பேசிய வேறொரு குடும்பம் அந்த வீட்டில் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தது. பிற்பாடு விசாரித்ததில் தெரியவந்தது: அதே வீட்டிற்கு எங்களைத் தவிர இன்னும் இருவரிடமும் அவர் டோக்கன் வாங்கியிருந்தார்.

அந்த இரவில் எனக்கு ஆறுதலாயிருந்த வேதபகுதி எது என்று கேட்டால், பலர் சங்கீதங்களை எதிர்பார்ப்பார்கள். எனக்கோ ஆதியாகமம் 23-ஆம் அதிகாரமே அகப்பட்டது. அது ஆறுதலைவிட வெட்கத்தையே மிகுதியாய்த் தந்தது. சாராளை அடக்கம்பண்ண மக்பேலா குகையைக் கேட்ட ஆபிரகாமுக்கு, எப்பெரோன் முதலில் அதை இலவசமாகவே தருவதாகச் சொன்னான். ஆபிரகாம் அந்த இனிய வார்த்தையில் மயங்கவில்லை. விலையைக் கேட்டு, 400 சேக்கல் வெள்ளியை ஏத்தின் புத்திரர் பார்த்துக்கொண்டிருக்க நிறுத்துக் கொடுத்தார். நிலம், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் வரைக்கும் பட்டணவாசலில் கூடியிருந்தவர்களுக்கு முன்பாக உறுதிசெய்யப்பட்டன. எரேமியாவோ, காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்து, வெளியே பாபிலோனியச் சேனை நகரத்தை முற்றிக்கை போட்டிருந்த வேளையில், தகப்பனுடைய சகோதரன் மகனிடமிருந்து ஆனதோத்தின் நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கினார். கையெழுத்து, முத்திரை, சாட்சிகள், தராசு, முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த நகல் ஒன்று, இரண்டையும் பத்திரப்படுத்த ஒரு மண்பாண்டம். ஒன்றும் விடுபடவில்லை. உறவினன் என்பதற்காக எரேமியா பத்திரத்தை விட்டுவிடவில்லையே! அவிசுவாசம் என்று நான் நினைத்து ஒதுக்கிய காரியத்தை விசுவாசிகளின் தகப்பனும் தீர்க்கதரிசியும் தவறாமல் செய்திருக்கிறார்கள்.

இந்நாட்டின் சட்டமும் அதையே கேட்கிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 55-ஆம் பிரிவின்படி, 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யப்படவேண்டும். பதிவுசெய்கிற பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பதிவுசெய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் தகராறு எழும்பினால், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். இது தெரியாமல், "பதிவெல்லாம் வேண்டாம், நோட்டரி போதும்" என்கிற தரகரின் சொல்லுக்குத் தலையசைத்து வருகிறோம். செலவுக்குப் பயந்தும் தலையசைக்கிறோம். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையின் மேல் 0.25 சதவீதம்தான் (டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று கணக்கிட்டு அதையும் சேர்ப்பார்கள்). மாநகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். கணினி வழியே வீட்டிலிருந்தபடியே கைரேகை வைத்துப் பதிவுசெய்ய இயலும். தரகர் கேட்கிற "பதிவுச் செலவு" இதைவிடப் பலமடங்காயிருந்தால், கணக்கைத் தாளில் எழுதிக் காட்டும்படி கேட்பதில் தவறேதுமில்லை.

வாடகையல்ல, வாங்குகிற காரியமானால் பிடி இன்னும் இறுக்கமானது. ரேரா என்னும் 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவுக்குரிய குடியிருப்புத் திட்டங்களில் வீடோ மனையோ விற்றுக்கொடுக்கிற முகவர் பதிவுபெற்றிருக்கவேண்டும். பதிவில்லாமல் விற்றுக்கொடுத்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். அவருடைய பதிவு எண்ணை மஹாரேரா தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பதிவுசெய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் கட்டுமானக்காரர் விலையில் 10 சதவீதத்திற்கு மேல் வாங்கக்கூடாது. ஆராதனை முடிந்தவுடன் வாசலில் நின்று, திருநெல்வேலிப் பக்கத்து மனைகளுக்கான வண்ணத் தாள்களை நீட்டுகிறவர்களிடமும் பட்டா, வில்லங்கச் சான்றிதழ், தமிழ்நாட்டு ரேரா எண் ஆகியவற்றைக் கேளுங்கள். சாதாரண வாடகைத் தரகரை ரேரா கட்டுப்படுத்தாது. ஆனாலும் கூலி வாங்கிச் செய்கிற சேவையில் குறை உண்டானால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான காரியங்களுக்கு அங்கே கட்டணமில்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் ஒரு சகோதரன்மேல் புகார் கொடுக்கலாமா? கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டி, "விட்டுவிடுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். அந்த அதிகாரத்தை நான் முழுதும் வாசித்தேன். அநியாயத்தைச் சகித்துக்கொள்வதைக் குறித்து பவுல் பேசுகிறார், மெய்தான். அதற்கு முன்பே, சகோதரருடைய வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் விவேகி ஒருவனாகிலும் இல்லையா என்ற பொருளில் சபையை வெட்கப்படுத்துகிறார். ஆகையால் சபை தீர்க்கவேண்டிய வழக்கை மூடிவைப்பது, அந்த அதிகாரத்திற்குக் கீழ்ப்படிதல் ஆகாது. இதே பவுல் பிலிப்பியில், விசாரணையின்றித் தம்மை அடித்த அதிகாரிகள் நேரில் வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்று தமது ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேட்டவரும்கூட.

ஆகவே மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் ஒழுங்கின்படி நடக்கத் தீர்மானித்தேன். முதலில் தனியே. வாய்ச்சொல்லாக அல்ல, வாட்ஸ்அப்பில். எந்தத் தேதியில், எந்த வீட்டிற்கு, எவ்வளவு கொடுத்தேன் என்பதைக் கோபமில்லாத நான்கு வரிகளில் எழுதி அனுப்பினேன். "அடுத்த வாரம் தந்துவிடுகிறேன் பிரதர்" என்று பதில் வந்தது. அன்றைக்கு நான் கேட்காத ரசீது அந்த ஒரு வரியாக என் கையில் வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் வந்தது, பணம் வரவில்லை. பின்பு இரண்டு மூப்பர்களோடு போனேன். டோக்கன் வாங்கிய மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டேன். அதற்கும் அசையாதபோது அவருடைய போதகரிடம் போனோம். அந்தப் போதகர், கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பாராக, "ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லி எங்களை அனுப்பிவிடவில்லை. அவரை அழைத்து, தொகையையும் தேதிகளையும் எழுதவைத்தார். தீரும்வரை பாட்டுக்குழுவில் நிற்கவேண்டாமென்றும் சொன்னார்.

நம்முடைய பங்கையும் சொல்லாமற்போனால் இது நேர்மையான கட்டுரையாகாது. விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கும்படி தரகர் சொல்லும்போது, அந்த யோசனையை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். "வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவதைப் பற்றி வாய்திறக்காதீர்கள்" என்கிறார், வாய்திறக்காமலிருக்கிறோம். நமக்காகப் பொய்சொல்லக் கற்றவர், ஒருநாள் நம்மிடமும் அதைச் சொல்வதில் ஆச்சரியம் என்ன? இரண்டாவது வீட்டிற்குப் போனபோது, வீட்டுக்கார மராட்டிய மூதாட்டியிடம் நானே கேட்டேன்: வெள்ளிக்கிழமைகளில் இருபது பேர் வருவார்கள், பாடுவோம், கைதட்டுவோம், சம்மதமா என்று. தரகர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அந்த அம்மாள் சற்று யோசித்து, "ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், எனக்குத் தூக்கம் வந்துவிடும்" என்றார். அங்கே நான்கு ஆண்டுகள் குடியிருந்தோம். அவருடைய தூக்கத்தை நாங்கள் கெடுக்கவில்லை.

முதல் தரகர் 10,000 ரூபாயை 4,000, 3,000, 3,000 என்று மூன்று தவணைகளில் கொடுத்தார். ஒவ்வொரு தவணைக்கும் நான் ரசீது எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மூன்றாவது ரசீதை வாங்கியபோது, "நமக்குள்ளே இதெல்லாம் எதற்கு பிரதர்?" என்றார். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.