மையலின் உறையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்

எழுதுகோலை எடுக்க எண்ணுகிறோம். எண்ணிய கணமே விரல்கள் நீளுகின்றன. இவ்விரைவுக்குக் காரணம் யாது? நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்னும் கொழுப்பு மிகுந்த உறையே ஆகும். உறையற்ற மெல்லிய இழையில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லும் செய்தி, உறையுடைய தடித்த இழையில் 100 மீட்டர் வரை பாய்கின்றது.

இவ்வுறையை நரம்புச் செல்கள் தாமே ஆக்கிக்கொள்வதில்லை. அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களே ஆக்கித் தருகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளும், உடலின் ஏனைய நரம்புகளில் ஷ்வான் செல்களும் இப்பணியை ஆற்றுகின்றன. 'கிளியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் 'பசை' என்பது பொருள். வெறும் பசையெனக் கருதப்பட்டவற்றின் அருமையைப் பிற்கால அறிவியலே உணர்த்திற்று.

ஆலிகோடென்ட்ரோசைட்டுகளின் முன்னோடிச் செல்கள் பிரிந்து பெருகும் இயல்பின. ஒரு கட்டத்தில் அவை பெருக்கத்தை நிறுத்தி, முதிர்ந்து, உறை ஆக்கத் தொடங்குதல் வேண்டும். அம்மாற்றத்தை நடத்துவனவற்றுள் ஒன்றே மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே நீளமுடைய இது புரதம் எதனையும் உருவாக்குவதில்லை. மாறாக, தூது ஆர்.என்.ஏ.வுடன் பிணைந்து புரத ஆக்கத்தைத் தடுக்கின்றது. விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோர் 1993 ஆம் ஆண்டில் உருளைப்புழு ஒன்றை ஆராய்ந்து இதனை வெளிப்படுத்தினர். அதற்காக 2024 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை நறுக்கி உருவாக்கும் நொதி டைசர் எனப்படும். எலிகளின் ஆலிகோடென்ட்ரோசைட் மரபுச் செல்களில் மட்டும் இதனை நீக்கிய ஆய்வுகள் 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவ்வெலிகளில் மையலின் குன்றியது, உடல் நடுங்கிற்று. மிர்-219 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் செல்களுக்கு மீண்டும் அளித்தபோது குறை ஓரளவு நீங்கிற்று. பெருக்கத்தைத் தூண்டும் ஏற்பியையும், முதிர்ச்சியைத் தடுக்கும் புரதங்களையும் இது அடக்குகின்றது. அடக்குதலே இங்கு வளர்ச்சிக்கு வழியாகின்றது!

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில் மையலின் சிதைந்து, பார்வையும் நடையும் தளர்கின்றன. சிதைந்த இடங்கள் பலவற்றில் முன்னோடிச் செல்கள் இருந்தும் அவை முதிர்வதில்லை. மிர்-219 எலிகளில் உறைச் சீரமைப்பை ஊக்குவித்ததை 2017 ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டிற்று. எனினும், எலியில் கண்டது மனிதர்க்கு மருந்தாக இன்னும் நெடுந்தொலைவு உண்டு.

புழுவில் தொடங்கிய ஆராய்ச்சி நோயாளியின் படுக்கையை நோக்கி நடக்கின்றது. அப்பாதையில் நம் மாணவச் செல்வங்களும் அடியெடுத்து வைப்பார்களாக!