பற்கறை நீக்கும் காற்றும் தூளும்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சில வீடுகளில் அடுப்புக்கரியும் செங்கற்பொடியும் பல் துலக்க வந்துவிடுகின்றன. எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துத் தேய்ப்போரும் உண்டு. இரண்டொரு நாளில் பல் வெளுத்தது போலத் தோன்றும். ஆனால் தேய்ந்து போவது கறை மட்டுமன்று. பல்லின் மேலுறையாகிய எனாமலும்தான். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. எனினும் ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. பின்னாளில் பல் கூச்சம் வந்து வருந்துவதில் பயன் என்ன?

கறையை முறையாக அகற்றப் பல் மருத்துவர்கள் கையாளும் வழிகளுள் ஒன்று 'ஏர் பாலிஷிங்'. பேனா போன்ற கருவியின் முனையிலிருந்து அழுத்தப்பட்ட காற்றும் நீரும் நுண்ணிய தூளும் ஒன்றாகப் பல்லின்மீது பாய்ந்து, கறையை அடித்துக் கழுவிவிடுகின்றன. தூரிகை புகாத பல்லிடுக்குகளையும் இம்முறை தூய்மை செய்கிறது. தொடக்கத்தில் பயன்பட்ட தூள், ஆப்பச் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட். அது எனாமலைவிட மென்மையானதே. ஆயினும் ஈறு இறங்கி வெளிப்பட்ட வேர்ப்பகுதியை அது தேய்த்துவிடும். ஆகவே அத்தகைய இடங்களுக்கு கிளைசின், எரித்ரிட்டால் என்னும் மேலும் நுண்ணிய தூள்கள் பின்னர் வந்தன. மருத்துவமனையில் நடக்கும் இப்பணிக்கும் வீட்டில் சோடாவை அள்ளித் தேய்ப்பதற்கும் தொடர்பே இல்லை.

எல்லா நிறமும் இதனால் போய்விடுமா? போகாது. தேநீர், காப்பி, வெற்றிலை, பீடி, சிலவகை வாய் கொப்பளிக்கும் மருந்து ஆகியவற்றால் பல்லின் மேல் படியும் கறையே நீங்கும். கல்போல் இறுகிய காரையை முதலில் வேறு கருவியால் அகற்ற வேண்டும். பல்லுக்குள்ளேயே ஊறிய நிறம் இதற்கு அசையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைச் சிறுவயது முதல் அருந்தியோரின் பற்களில் காணும் பழுப்பு அத்தகையது. பல் உருவாகும் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டதால் வந்த நிறமும் அவ்வாறே. இவற்றுக்கு மருத்துவம் வேறு. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லையே என்று அப்பெண்பிள்ளைகளைச் சோம்பேறிகள் எனத் தூற்றுவது பெரும் அநீதியாகும்.

இம்முறைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உள்ளன. ஆஸ்துமா போன்ற மூச்சு நோய் உடையோர்க்கு இத்தூள் கலந்த சாரல் ஆகாது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இரத்த அழுத்த நோயாளரும் சிறுநீரக நோயாளரும் சோடியம் கலந்த தூளைத் தவிர்க்க வேண்டும். பல்லின் நிறத்தில் அடைத்த அடைப்பு இருப்பின் அதையும் கூறுக. அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடக்கூடும். சிகிச்சையின்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிப்பார்கள். முடிந்தபின் சில மணி நேரம் தேநீர், காப்பி, வெற்றிலையைத் தவிர்ப்பது நன்று. அப்போது பல் எளிதில் நிறம் ஏற்கும்.

மற்றொன்றையும் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. பல்லின் சிவப்புக் கறை காற்றில் போய்விடும். ஆனால் கன்னத்தின் உட்புறம் வெண்திட்டோ செந்திட்டோ தோன்றினாலும், இரண்டு வாரம் கடந்தும் புண் ஆறாவிட்டாலும், வாய் முன்போல் திறவாவிட்டாலும், அது கறை நீக்கும் வேலையன்று. உடனே காட்ட வேண்டிய நோய்க்குறி. வீட்டுப் பெரியவர்களின் வெற்றிலைப் பெட்டியைக் கண்டு சிரித்துவிட்டுச் செல்லாமல், வாரம் ஒருமுறையேனும் அவர்களின் வாயைத் திறக்கச் செய்து வெளிச்சத்தில் பாருங்கள்.