பழைய கோடாலிக்கு அரம் போதும், கிரைண்டர் வேண்டாம்

முதலியார்பேட்டையிலேருந்து பேசுறேன். கத்திக்குச் சாணை பிடிக்கிறதைப் பத்திப் பேசின எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "பரண்ல தாத்தாவோட கோடாலி துருப்பிடிச்சுக் கிடக்கு, அதை என்ன பண்ணலாம்?"

நம்ம ஊர்ல இது வெறும் பொழுதுபோக்கு இல்ல. 2011 டிசம்பர் 30-ல தானே புயல், 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல். மரம் விழுந்து வாசல் அடைச்சுக்கிட்டா, மரம் அறுக்கிற மெஷின் நம்ம தெருவுக்கு வர்ற வரைக்கும் கையில இருக்கிறதுதான் துணை. ஆனா தலை ஆடுற, மழுங்கின கோடாலி மரத்தைவிட ஆளுக்குத்தான் ஆபத்து. கூரானது மரத்துல இறங்கும். மழுங்கினது வழுக்கிக்கிட்டு காலுக்கு வரும்.

வீட்டுல இல்லைன்னா காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல தேடிப் பாருங்க. மேல்துருவைப் பார்த்து பயப்படாதீங்க. காம்பு நுழையுற துளையைச் சுத்தி விரிசல் இருக்கான்னு பாருங்க. இருந்தா என்ன விலை சொன்னாலும் வாங்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். புதுசா கத்துக்க வர்றவங்க முதல்ல கேக்கிறது, "வெல்டிங் பட்டறையில கொடுத்து கிரைண்டர்ல ஒரு தேய் தேய்ச்சுட்டா என்ன?" தயவுசெஞ்சு வேண்டாம்.

கோடாலியின் வெட்டுவாய் எஃகு. கொல்லர் அதைச் சிவக்கக் காய்ச்சித் தோய்க்கும்போது அது மிகவும் கடினமாகிறது, ஆனால் கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் மறுபடி அளவாகச் சூடு காட்டி, கொஞ்சம் இளக்குவார். இதைத்தான் டெம்பர் என்கிறோம். துரு இல்லாத எஃகில் அந்தச் சூட்டை நிறத்திலேயே பார்க்கலாம்: 220, 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளமஞ்சள், 300-ஐ நெருங்கினால் நீலம். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பைக் காட்டினால், சூட்டை இழுத்துக்கொள்ள அங்கே போதுமான இரும்பு கிடையாது. சில நொடிகளில் நீலம் ஓடிவிடும். அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. என் வேலையில தப்பு பண்ணினா பழைய வெர்ஷனுக்குப் போயிடலாம். இங்க அன்டூ கிடையாது. மென்மையான பகுதி முழுக்கத் தேய்ஞ்சு போகணும், இல்லைன்னா கொல்லர்கிட்ட மறுபடி உலைக்குப் போகணும்.

அதனாலதான் அரம். பத்து இன்ச் தட்டை அரம் ஒண்ணு வாங்குங்க. அதுக்கு முன்னாடி கோடாலித் தலையை ஒரு ராத்திரி வினிகர்ல ஊறவெச்சு, கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, ஆப்ப சோடா கலந்த தண்ணில கழுவி, உடனே துடைச்சு எண்ணெய் பூசிடுங்க. யூடியூப்ல வர்ற மாதிரி முகம் தெரியிற பளபளப்பு தேவையே இல்ல. அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும், அது பாட்டுக்கு அழகு.

தலையை வைஸ்ல இறுக்கி, விளிம்புல மார்க்கர் பேனாவால மை பூசுங்க. தோல் கையுறை கட்டாயம். அரத்தை ஒரே திசையில தள்ளணும், திரும்பும்போது தூக்கிடணும். மை எங்க போகுதோ அங்கதான் அரம் படுது. ரெண்டு பக்கமும் சேர்ந்து 25 டிகிரி வாக்கில வந்தா போதும். மறுபக்கம் மெல்லிசா பிசிறு தட்டினதும் நிறுத்திட்டு, தண்ணி விட்டுச் சாணைக்கல்லுல தேய்ங்க. பழைய வெட்டுவாயில அரம் கடிக்காம வழுக்குச்சுன்னா சந்தோஷப்படுங்க, எஃகு இன்னும் உயிரோட இருக்கு. ஆனா அரம் வழவழன்னு தேய்ஞ்சு போயிருந்தாலும் இப்படித்தான் வழுக்கும், அதையும் பாத்துக்கோங்க.

அமெரிக்காவில் 1964-ல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் வரும் காடுகளில் மோட்டார் கருவிகளுக்குத் தடை போட்டது. அதனால் அங்குள்ள வனத்துறைக்குக் கோடாலிப் பழக்கம் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம். பெர்னி வைஸ்கெர்பர் என்பவரை வைத்து 1999-ல் ஒரு கையேடே போட்டார்கள். இணையத்தில் இலவசம், படங்களுக்காகவே பார்க்கலாம்.

காம்பு விஷயத்துல மட்டும் அந்தக் கையேட்டை அப்படியே நம்ம ஊருக்குப் போட முடியாது. அவங்க காம்பைக் கீழேருந்து நுழைச்சு மேல ஆப்பு அடிப்பாங்க. நம்ம பட்டறைக் கோடாலிகள்ல பலதுக்கும் காம்பு மேலேருந்து இறங்கும். நுனி பருத்திருக்கும், வீச வீச இறுகும். நல்லாக் காய்ஞ்ச கருவேல மரம் எடுங்க, மர நார் நுனியிலேருந்து அடி வரைக்கும் நேரா ஓடணும். துரோகிக்கு ஏன் கோடாலிக்காம்புன்னு பேர் வெச்சாங்கன்னு நினைச்சா பாவமா இருக்கு, எல்லா அடியையும் தாங்குறது அதுதான். தலை ஆடுதுன்னு தண்ணில ஊறவைக்காதீங்க. அன்னைக்கு இறுகும், காய்ஞ்சதும் முன்னைவிட அதிகமா ஆடும்.

விறகு பிளக்கும்போது கட்டையை இன்னொரு அடிக்கட்டை மேல வெச்சு, காலை அகட்டி, அடி இறங்கும்போது முழங்காலை மடக்குங்க. குறி தவறினாலும் கோடாலி தரைக்குப் போகணும், முழங்காலுக்கு வரக்கூடாது. சின்னக் கோடாலி பத்திரம்னு நினைக்கிறாங்க. காம்பு குட்டையா இருந்தா அதோட வளைவு நேரா காலுக்குத்தான் திரும்பும்.

விழுந்த மரத்துல கிளை கழிக்கும்போது, கிளை ஒரு பக்கம், நீங்க மறுபக்கம், நடுவுல அடிமரம். அடியிலேருந்து நுனி நோக்கி வெட்டிக்கிட்டே போங்க. வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கிற கிளையையும், கரன்ட் கம்பி மாட்டின மரத்தையும் தொடவே தொடாதீங்க. அது நம்ம வேலை இல்ல, மின்துறைக்கும் தீயணைப்புக்கும் போன் போடுங்க.