1,400 யானை சுட்ட துரை

பதுளை நகரில் இருக்கும் புனித மாற்கு ஆலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாக அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் எழுப்பியது. சிலோன் ரைபிள்ஸ் படை அதிகாரி, பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி என்று பல பொறுப்புகள் அவருக்கு. இத்தனைக்கும் நடுவில் அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதினார்.

'அந்தத் தொரை ஒரு மாதிரி' என்று தோட்டத்தில் இன்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகள் அப்படி நினைக்கவில்லை.

நினைக்க முடியாது என்பதே சரி. கேப்டன் கால்வே கணக்கில் 700க்கு மேல் என்கிறார் அதே டெனன்ட். இலங்கைக்குச் சாலை போட்ட மேஜர் ஸ்கின்னர் கணக்கிலும் ஏறக்குறைய அவ்வளவு. சுட்டால் தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி! வடக்கில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் 3,500 யானைகள் விழுந்தன. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்வது அரசாங்கத்துக்குச் செய்யும் உபகாரம். பொழுதுபோக்கும் அதிலேயே அடங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ரோஜர்ஸ் விசித்திரப் பிறவி இல்லை, வெறுமனே முதலிடம் பிடித்தவர்.

மிரண்டு பார்த்தது வெளியாள்தான். பிரஷ்ய இளவரசர் வால்டெமாருடன் வந்த மருத்துவர் ஹோஃப்மைஸ்டர், ரோஜர்ஸின் வீடு நிறையத் தந்தமாக இருந்ததைக் கண்டார். வராந்தாவின் ஒவ்வொரு கதவருகிலும் தந்தம், சாப்பாட்டறை மூலைகளிலும் தந்தம். இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகக் குறைவு என்பதை நினைத்தால், அந்த வீட்டை நிரப்ப எத்தனை யானை செத்திருக்கும் என்பது புரியும்.

1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி ரோஜர்ஸ் இறந்தார். நுவரெலியாவில் அடக்கம். அந்தக் கல்லறையையும் மின்னல் விடவில்லை, அதனால்தான் கல் பிளந்தது என்று கதை. யானை சாபம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஸ்கின்னரை எந்த மின்னலும் தேடிப் போகவில்லை. அவர் முழு ஆயுளும் வாழ்ந்து, ஓய்வு பெற்று, தன் வரலாறும் எழுதி வைத்தார்.

1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதற்குள் மலைநாட்டில் யானை அருகிப்போயிருந்தது. ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களுக்கு இப்போது பயம் குளவியும் சிறுத்தையும்தான். யானைத் தொல்லை கீழே, வெல்லவாய பக்கத்துக் கிராமங்களுக்கு.