பாட்டி பெட்டியிலிருந்த பதக்கம்

நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சுவரில் பதித்த சிறிய கல் ஒன்றைத் தோழியர் கண்டிருக்கலாம். இவ்வூரிலிருந்து 1914–1919 மகாயுத்தத்திற்கு இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அதில் பொறித்திருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் ஒன்றுகூட இராது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஊரிலும் அப்படி ஒரு கல் உள்ளது. சென்றவருள் அவள் பாட்டியின் தாத்தாவும் ஒருவராம். அவரைப் பற்றி ஏதேனும் எழுத்தில் உள்ளதா என்று தேடப் புறப்பட்டோம்.

லண்டனில் இருக்கும் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அங்கே சேமித்திருந்தவை பிரிட்டிஷ் படைவீரரின் ஏடுகள். அவற்றிலும் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் ஜெர்மானியர் வீசிய குண்டில் எரிந்துபோயின. மிஞ்சியவை கருகி, நீரில் நனைந்த தாள்கள்.

போரில் மாண்டவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம். இந்தியர் பலருக்கு அதில் தந்தை பெயரும் ஊரும்கூட உண்டு. ஆயினும் இராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல், படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கையை மட்டும் பொறித்தார்கள். ஊர்க் கல்லில் கண்ட அதே குறை!

தோழியின் முன்னோரோ உயிரோடு திரும்பியவர். ஆகவே அந்தப் பதிவேடு உதவவில்லை. கடைசியில் உதவியது பாட்டியின் தகரப் பெட்டி. அதில் ஒரு பதக்கம்: ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் குதிரை வீரன். இத்தகைய பதக்கத்தின் விளிம்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பெற்றவரின் பெயரும் படைப்பிரிவும் அங்கேதான் வெட்டப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். ஆங்கில எழுத்தில் பெயர் சற்றுச் சிதைந்திருந்தாலும் அவர் பெயர்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. போரிட்ட சிப்பாய்களுக்கு இப்பதக்கம் வெள்ளியில் வழங்கப்பட்டது. மண் வெட்டவும் மூட்டை சுமக்கவும் சென்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில். பெட்டியிலிருந்தது வெண்கலம். குடும்பத்தில் நாளதுவரை அவரைத் "துப்பாக்கி பிடித்த பட்டாளத்தார்" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். இதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோழிதான் சொன்னாள்.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பதக்கத்தை எங்கள் பக்கம் நீட்டி, "அந்தப் பேரை இன்னொரு தரம் வாசிங்கடி கண்ணுங்களா" என்றார்.