அறிவை வளர்க்கும் மருந்து உண்டா?

மாத்திரை ஒன்றை விழுங்கியவுடன் சாதாரண மனிதன் மாமேதையாகி விடுகிறான் என்னும் கற்பனை விஞ்ஞானக் கதைகளில் பலகாலமாக வழங்கி வருவதாகும். 2011-ஆம் ஆண்டு வெளிவந்த ‘லிமிட்லெஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அத்தகையது. ஆலன் கிளின் 2001-இல் எழுதிய நாவலைத் தழுவி நீல் பர்கர் இதனை இயக்கினார். எழுத்து ஓடாமல் தவிக்கும் ஓர் எழுத்தாளன் நிறமற்ற மாத்திரை ஒன்றை உட்கொள்கிறான். சில நாட்களில் நூலை எழுதி முடிக்கிறான், அயல்மொழிகளைக் கற்கிறான், பங்குச் சந்தையில் பெரும்பொருள் ஈட்டுகிறான். பின்னர் நினைவு மயக்கமும் உடல் நலிவும் அவனைப் பற்றுகின்றன. மாத்திரையைக் கவர விழையும் கொலைஞரும் அவனைத் துரத்துகின்றனர்.

மனிதன் தன் மூளையில் ஐந்தில் ஒரு பங்கையே பயன்படுத்துகிறான் என்று இப்படத்தில் கூறப்படுகிறது. இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கேயான மூளை, ஓய்வு நிலையிலும் உடலின் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கைச் செலவிடுகிறது. அதில் வேலையின்றிக் கிடக்கும் பெரும்பகுதி எதுவும் இல்லை. ஆகவே மருந்தினால் திறக்கத்தக்க பூட்டிய அறையும் இல்லை.

எனினும், கவனக் குறைவு நோய்க்கும் மிகை உறக்க நோய்க்கும் தரப்படும் சில மருந்துகளை, நோயற்ற மாணவர்களும் அறிவு பெருகும் என்று நம்பி உண்பது பல நாடுகளில் காணப்படுகிறது. இந்நம்பிக்கையைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2023-இல் வெளியாயிற்று. குறிப்பிட்ட எடைக்கு மேற்படாமல், அதிக மதிப்புள்ள பொருள்களை ஒரு பையில் நிரப்பும் கணக்கு 40 பேருக்குத் தரப்பட்டது. மெதில்ஃபெனிடேட், டெக்ஸ்ஆம்ஃபிடமின், மோடாஃபினில் ஆகிய மருந்துகளை உண்டபோது அவர்கள் அதிக நேரம் முயன்றனர். பொருள்களை அதிகமுறை மாற்றி வைத்தனர். ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. மருந்தின்றிச் சராசரிக்கு மேல் நின்றவர்கள் மருந்துண்டபின் சராசரிக்குக் கீழே இறங்கும் போக்கும் காணப்பட்டது. மருந்து ஊக்கத்தைத் தந்ததேயன்றி அறிவைத் தரவில்லை.

நம் நாட்டு மூலிகைகளைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். பெங்களூரின் லிங்கராஜபுரம் போன்ற, தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் பகுதிகளில், தமிழர் வல்லாரை என்றும் கன்னடியர் ஒந்தெலகா என்றும் அழைப்பது ஒரே கீரையையே. பிரமி என்னும் பெயர் இதற்கும் வழங்குகிறது. முற்றிலும் வேறு செடியான நீர்ப்பிரமிக்கும் வழங்குகிறது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் நீண்டகாலம் ஆராய்ந்தது நீர்ப்பிரமியையே. அதன் சாரத்தை 12 வாரம் தொடர்ந்து உண்டவர்களிடம் கற்றதை நினைவிற் கொள்வதில் சிறிதளவு முன்னேற்றம் சில ஆய்வுகளில் காணப்பட்டது. தேர்வுக்கு முந்திய வாரத்தில் வாங்கும் புட்டிக்கு இம்முடிவுகள் சான்றாகா.

அவ்வாறாயின், ஒரு சமுதாயம் முழுவதன் அறிவாற்றலையும் காக்கவல்ல பொருள் எதுவுமே இல்லையா? உண்டு. அது அயோடின். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டே தைராக்சினை உண்டாக்குகிறது. கருவிலுள்ள சிசுவின் மூளை உருவாவதற்குத் தைராக்சின் இன்றியமையாதது. முதல் மூன்று மாதங்களில் சிசு அதனைத் தாயிடமிருந்தே பெறவேண்டும். அப்போது நேரும் குறையைப் பின்னர் எம்மருந்தாலும் முழுமையாக ஈடு செய்ய இயலாது. கடுங்குறையுள்ள பகுதிகளின் குழந்தைகள் அறிவுத்திறன் அளவையில் சுமார் 13 புள்ளிகள் பின்தங்கியிருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 1994-இல் வெளியான மதிப்பீடு காட்டிற்று. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்வுக்கும் சேர்த்து 4 கிராமுக்கும் குறைவே!

இக்குறையை நீக்கும் வழியை உலகிற்குக் காட்டியதில் இந்தியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. இமயத்தின் அடிவாரத்திலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில், மருத்துவ விஞ்ஞானி இராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் 1956-இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினர். பள்ளிச் சிறுவரில் பத்துக்கு ஏறக்குறைய நால்வருக்குக் கழுத்துக் கழலை இருந்தது. பள்ளத்தாக்கு மூன்று பிரிவாக்கப்பட்டது. இரண்டு பிரிவினருக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. 1962-க்குள் முதல் இரு பிரிவுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது; மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அப்பிரிவுக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டு, அங்கும் நோய் தணிந்தது.

1962-இலேயே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றிற்று. மூளை வளர்ச்சிக்கு நேரும் தீங்கையும் உட்படுத்தி, 1992-இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மனிதர் நேரடியாக உண்பதற்கு அயோடின் சேராத உப்பை விற்பது 2006 முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டுள்ளது. விற்பனை நிலையில் உப்பின் பத்து இலட்சம் பங்குக்கு 15 பங்கேனும் அயோடின் இருத்தல் வேண்டும்.

இருந்தும், 2018-19-இல் நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கொண்ட உப்பை உபயோகிக்கும் குடும்பங்கள் இந்தியாவில் நூற்றுக்கு 76 என்றும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 என்றும் தெரியவந்தது. தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட மாநிலம் மிகப் பின்தங்கியவற்றுள் ஒன்றாக நிற்பது சிந்திக்கத்தக்கது. உதிரியாக விற்கப்படும் கல்லுப்பில் அயோடின் சேர்க்கப்படாதிருப்பது இதற்கு ஒரு காரணமாகும்.

இங்கு ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கது மிகுதி. மாணவர் தத்தம் வீட்டிலிருந்து ஒரு தேக்கரண்டி உப்பைக் கொண்டு வரட்டும். சோதனைப் பெட்டியிலுள்ள திரவத்தை அதில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் உள்ள உப்பு நீலமோ ஊதாவோ ஆகும்; நிறம் மாறாதது எந்த வீட்டு உப்போ, அந்த வீட்டாருக்கு விஷயம் எட்டவேண்டும். கருவுற்ற பெண்கள் உள்ள இல்லங்களுக்கு முதலிடம் தருதல் நலம். பொட்டலத்தில் அயோடின் குறியீடு உண்டா என்று பார்த்து வாங்கவும், ஈரமும் வெயிலும் படாத மூடிய பாத்திரத்தில் வைக்கவும் கற்பிக்கலாம். உப்பை அதிகமாக உண்ணவேண்டும் என்பது இதன் பொருளன்று. உண்ணும் சிறிதளவும் அயோடின் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதே.

அயோடின் எவரையும் மேதையாக்காது. பிறவியிலேயே வாய்த்திருக்க வேண்டிய ஆற்றலை ஒரு குழந்தை இழந்துவிடாமல் அது காக்கிறது. திரைப்படத்தின் மாத்திரைக்கு இவ்வளவு கூட இயலவில்லை.