பன்னிரண்டு கேள்விகள்



கிளினிக்கிலோ, வீடு தேடி வரும் சுகாதாரக் கணக்கெடுப்பிலோ சில சமயம் ஒரு தாளை நீட்டுவார்கள். தூக்கம் எப்படி, மனம் ஒரு வேலையில் நிற்கிறதா, அன்றாடக் காரியங்களில் மகிழ்ச்சி உண்டா என்று பன்னிரண்டு கேள்விகள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்தத் தாள் பைத்தியத்தைத் தேடுவதன்று. வெளியே சொல்லாமல் நாம் சுமக்கும் மனவேதனையைத் தேடுவது.

டேவிட் கோல்ட்பர்க் என்னும் ஆங்கில மனநல மருத்துவர் 1972-இல் இதை வெளியிட்டபோது அறுபது கேள்விகள் இருந்தன. பிறகு சுருங்கிச் சுருங்கிப் பன்னிரண்டாயிற்று. நம் நாட்டில் 2015-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்விலும் பெரியவர்களிடம் இந்தப் பன்னிரண்டுதான் கேட்கப்பட்டன.

ஆங்கிலத்தில் பிறந்த கேள்வி தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல். 'அழுத்தம் உண்டா?' என்று அகராதியைப் பார்த்து எழுதிவிட்டால், நம் பாட்டிமார், "ஆமாங்க ஐயா, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேன்" என்பார்கள். பதில் உண்மை, கேள்விதான் பிசகு. ஆகவே ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிட்டால் பொருள் எங்கே நழுவியது என்று தெரியும்.

சொல் சரியானால் மட்டும் போதாது. பகாவ், லாபு பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாலில் மெட்ரோலேக் கருவியை மிதக்கவிட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள் அல்லவா? அது விரைவுக் கணக்கு. கருவி சரியா என்று அறிய, கொஞ்சம் பாலை உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்க வேண்டும். கேள்வித்தாள் அந்த மிதவை. மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து விரிவாகப் பேசிக் கண்டறிவது உலர்த்தி நிறுப்பது. தாளில் கிடைத்த எண் அவருக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் இந்தத் தாளின் தமிழ் வடிவத்தை இப்படித்தான் சோதித்து 1999-இல் வெளியிட்டார்கள். மோசமான பதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் விசாரிக்க வேண்டியவர் என்று கோடு கிழித்தார்கள். கோட்டை இறக்கினால் நலமானவர்களும் அகப்படுவர். ஏற்றினால் வேதனைப்படுகிறவர் தப்பிவிடுவர். வேலூரில் கிழித்த கோடு நம் தோட்டத்துப் பேச்சுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் எண்ணிவிடலாகாது. இங்கும் சோதித்தாக வேண்டும்.

இந்தத் தாளில் ஒரு குறை இருக்கிறது. பதில்களெல்லாம் 'வழக்கத்தைவிட' எப்படி என்றே அமைந்தவை. நம் பள்ளிக்கு வரும் ஒரு தாயாரிடம் தூக்கம் எப்படி என்று விசாரித்தோம். "எப்பவும் போலதாங்க ஐயா" என்றார். கணவர் இறந்த நாளிலிருந்து, ஆறு ஆண்டுகளாக, அந்த அம்மா சரியாகத் தூங்கியதே இல்லை! தாளின் கணக்கில் அந்தப் பதிலுக்குச் சுழியம்தான்.

அதனால் 'எப்பவும் போல' என்று நிறுத்திவிடாமல், எத்தனை வருஷமாக அப்படி என்பதையும் கேட்பவரிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும்போது அண்டை வீட்டாரும் மாமியாரும் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் எதிரில் எந்த மருமகளும் "நல்லாதான் இருக்கேன்" என்றுதான் சொல்லுவாள்.